மைக்கம்மாவுக்குத் தெரியாது

மாமியாரின் தோளில் ஒட்டியிருந்த வலிப் பட்டையை நகத்தால் மெல்லக் கிளப்பிக்கொண்டிருந்தாள் மருமகள். தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் பட்டை. மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நேற்றுக் காலையில்தான் புதிதாக ஒட்டியிருந்தாள். இன்னும் இரண்டு நாளைக்கான மருந்து அதற்குள் பாக்கி இருந்தது. அது தேவைப்பட்டவர் விடிகாலை ஆறு மணிக்கே போய்விட்டார்.

"அது இருந்துட்டுப் போகட்டுமே. இப்ப எதுக்கு?" என்றான் கணவன், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு.

"நர்ஸ் எடுக்கச் சொல்லியிருக்காங்க. உள்பக்கமா மடிச்சுத் தனியா வைக்கணுமாம். யார் கையிலயும் படக்கூடாதாம்."

"வலிக்கப் போகுது, மெதுவா எடு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஆறடி உயரம், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஒரு ஊது ஊதினால் மைதானம் மொத்தமும் நின்ற இடத்தில் நிற்கும். பிள்ளைகள் அவனுக்கு வைத்திருந்த பெயரே விசில். அந்த ஆள் கதவு நிலையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் பட்டையை மடித்து வைத்துவிட்டுப் போய் அவன் முதுகில் கை வைத்தாள். அவளுக்கும் அழ வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் மதியம் சின்னவள் வந்து இறங்குவாள். அதை நினைத்தால் அழுகையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சின்னவள் கணவனின் ஒரே தங்கை. ஒரு விமானப் பயணத் தூரத்தில் வக்கீல் தொழில். "சாப்பிட்டீங்களா?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டால்கூட எதிரில் இருப்பவருக்கு வேர்க்கும். காலையில் அண்ணன் போனில் செய்தியைச் சொன்னபோது அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அஞ்சு வருஷம் இருக்குன்னு சொன்னியே அண்ணா?"

சொன்னது உண்மைதான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அண்ணனும் அண்ணியுமாக டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் குடலின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்தே விசிலுக்குத் தலை கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இந்த நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு இத்தனை பேர் என்று ஒரு கணக்கு உண்டு, அது கொஞ்சம் பேர்தான், ஆனாலும் ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்றார். இத்தனையிலும் அவன் காதில் விழுந்தது "ஐந்து வருஷம்" மட்டும். வெளியே வந்ததும் வராததுமாகத் தங்கைக்குப் போன் போட்டு, "அஞ்சு வருஷம் கேரண்டின்னு சொல்லிட்டாரு பாப்பா, கவலையே படாத" என்று அறிவித்துவிட்டான்.

"அது கேரண்டி இல்லங்க" என்று அவள் அன்றைக்கே சொல்லிப் பார்த்தாள். "எத்தனை பேர் தாண்டறாங்கன்னு பாக்கறதுக்கு ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க, அவ்வளவுதான். நான் நர்ஸ்கிட்டயும் கேட்டுட்டேன்."

"நீ வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்று எரிந்து விழுந்தான். அடுத்த முறையிலிருந்து டாக்டர் அறைக்குள் அவன் வருவதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே போகிற வேலை மருமகள் தலையில் விழுந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், சின்ன எழுத்தையெல்லாம் படித்துவிடுவாள் என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள்.

அண்ணனும் தங்கையும் போனிலேயே பேசி இன்னொரு முடிவும் எடுத்தார்கள். அம்மாவுக்கு எதுவும் தெரியக் கூடாது. கேன்சர் என்ற சொல் வீட்டுக்குள் வரவே கூடாது. கேட்டால் குடலில் புண் என்று சொல்ல வேண்டும். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அந்த அம்மாள் முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். நிலையத்தில் மைக்கம்மா என்றால்தான் ஆள் தெரியும். வண்டி சரியான நேரத்துக்கு வருகிறது என்பதையும், வண்டி ரத்து என்பதையும் ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே குரலில் சொல்லக்கூடியவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில், "அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது, சம்பந்தப்பட்டவர்கள் உடனடியாகச் சமையலறைக்கு வரவும்" என்று கூடத்திலிருந்து அறிவிப்பு வரும். முதல் இரண்டு வருஷம் அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு ஒருநாள், "சம்பந்தப்பட்டவர் குளித்துக்கொண்டிருக்கிறார், பயணிகள் தாங்களே அடுப்பை அணைத்துக்கொள்ளவும்" என்று குளியலறையிலிருந்து அதே குரலில் பதில் கொடுத்தாள். அப்புறம் மாமியார் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது.

இந்த மனுஷியிடம்தான் குடல் புண் என்று கதை விட்டார்கள். அவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். எட்டாம் நாள், மகன் மைதானத்தில் இருக்கிற சாயங்கால நேரம் பார்த்து, மருமகள் டீயோடு வந்ததும் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரு. பிளாட்பாரம் மாறினா யாருக்கு முதல்ல சொல்லணும்?"

"பயணிக்கு."

"ஸ்டேஷன் மாஸ்டரோட மச்சானுக்கா?"

"இல்ல அத்தை."

"நான்தானே பயணி? சொல்லு, என் வயித்துல என்ன?"

அவள் சொன்னாள். கேன்சர் என்று சொல்லி முடித்ததும் மாமியார் தலையை ஆட்டிவிட்டு டீயை எடுத்துக் குடித்தார். "பேர் தெரிஞ்சாச்சு. இனிமே ஒவ்வொண்ணா சொல்லு, அவசரமில்ல" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஒரு வார்த்தை. கடையில் லென்ஸ் பவர் எழுதித் தருகிற சின்னச் சீட்டுகளின் பின்பக்கத்தில் டாக்டர் சொன்னதை எல்லாம் அவள் எழுதிக்கொண்டு வருவாள். புரியாததை நர்ஸிடம் இரண்டு முறை கேட்பாள். பயாப்ஸி என்றால் ஒரு துணுக்குச் சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஸ்டேஜ் என்பது ஒன்று, கிரேடு என்பது இன்னொன்று. இதில் அவளே ஒரு மாதம் குழம்பியிருந்தாள்.

"ஸ்டேஜ்னா அது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு. கிரேடுன்னா அந்த செல்லெல்லாம் பாக்கறதுக்கு எவ்வளவு முரடா இருக்குன்னு."

"அப்ப உருவம் வேற, குணம் வேற."

"அப்படியும் வச்சிக்கலாம்."

"உன் புருஷன் மாதிரி. உருவம் ஆறடி, குணம் பச்சப்புள்ள."

ஒருநாள் மகன் வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம், "குடல்ல ஒண்ணு, ஈரல்ல ஒண்ணு, ரெண்டு கேன்சர் சார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அவனுடைய தாழ்ந்த குரல் தெருக்கோடி வரை போகும். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். "ரெண்டா?" என்று மருமகளைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். அவள் பக்கத்தில் குனிந்து, "ஒண்ணுதான் அத்தை. குடல்ல இருந்ததே ஈரலுக்கும் போயிருக்கு. ஈரல்ல இருந்தாலும் அது குடல் கேன்சர்தான், மருந்தும் அதுக்குத்தான்" என்றாள். "அதானே, இங்க கிளம்பின வண்டிக்கு வழியில யாரு பேர் மாத்தறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் மகன் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

மருந்து ஏற்றிய நான்காம் மாதம் கட்டிகள் கொஞ்சம் சுருங்கின. விசில் ஊரெல்லாம் குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அதற்குப் பிறகு வந்த ஸ்கேனில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஸ்டேபிள் என்று எழுதியிருந்தார்கள். "குணமாச்சுன்னும் இல்ல, கூடிடுச்சுன்னும் இல்ல, இருந்த இடத்துல இருக்கு" என்று அவள் சொன்னதும் மாமியாருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போனது. குழந்தைக்குப் பெயர் வைத்த மாதிரி நாளுக்கு நாலு தடவை சொல்லிப் பார்ப்பார்.

அந்த ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் கிடைத்த மூன்று மாதம் மாதிரி இன்னொரு மூன்று மாதம் அவள் வாழ்க்கையில் வரப்போவதில்லை. இன்று காலை, போய்விட்ட மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்தபோது அவளுக்கு முதலில் வந்து நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். திடீரென்று ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். வண்டி ஏற அல்ல, சும்மா உட்கார. இரண்டாம் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் இரண்டு பேரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதெல்லாம் பதிவு செய்து வைத்த குரல்தான் பேசுகிறது. மாமியார் அதை ஒவ்வொரு அறிவிப்பாக விமர்சனம் பண்ணினார்.

"மூச்சே விட மாட்டேங்கறா பாரு. வண்டி தாமதம்னு சொன்னதும் ஒரு நிமிஷம் நிறுத்தணும். அவங்கவங்க போன் பண்ணி வீட்டுக்குச் சொல்லிக்க வேண்டாமா?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமா அத்தை?"

"தெரியாதுல்ல? அதான் என்னை வேலைக்கு வச்சிருந்தாங்க."

பெருமை தாங்கவில்லை அந்த முகத்தில். திரும்பி வரும்போது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் அவளுடைய கையைத் தானாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த ஸ்கேனில் புரோக்ரஷன் என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தேறி வருகிறார்கள் என்பதற்கு எழுதுகிற மாதிரி ஒரு வார்த்தை. இங்கே நோய்தான் தேறி வந்திருந்தது. அடுத்த மருந்து சில வாரங்கள் கூட்டித் தரலாம், ஆனால் அந்த வாரங்களில் பாதி வாந்தியிலும் வாய்ப்புண்ணிலும் போகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சாயங்காலம் அதை அப்படியே கொண்டுவந்து மாமியாரிடம் கொடுத்தாள்.

"வேண்டாம்" என்றார் மாமியார். "டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன். வீட்டுல மட்டும் நீ முடிவு பண்ணதா இருக்கட்டும்."

"நானா? ஏன் அத்தை?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் சோத்துல கை வைக்க மாட்டான். சின்னவ கேஸையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்து, கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு என் மூஞ்சியையே பாத்துட்டு இருப்பா. நான் சிரிச்சா அழுவா. எனக்கு அது வேண்டாம். அம்மாவுக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் ரெண்டும் நிம்மதியா தூங்குதுங்க."

"அப்புறம் பழியெல்லாம் என் தலையில விழும்."

"உன் தலை கொஞ்சம் பெருசுதான். தாங்கும்."

அவள் சிரிக்கவில்லை. மாமியார் கையை நீட்டி, சத்தியம் பண்ணு என்றார். பண்ணினாள். அப்போதே அவளுக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு வாரம் கழித்து யாருக்கும் தெரியாமல் சின்னவளுக்குப் போன் செய்து, "ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்" என்றாள். "கேஸ் முடியட்டும் அண்ணி, அடுத்த மாசம் வரேன். எங்க போயிடப் போறா அம்மா?" என்றாள் அவள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனை வைத்தாள். இன்றைக்கு, அந்த அடுத்த மாசத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

சின்னவள் வந்து இறங்கியபோது மணி ஒன்று. கூடத்தில் அம்மாவைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வக்கீலைக் காணோம். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒன்பது நாள் பொறுக்கக் கூடாதாம்மா" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்தும் இவளை வரவழைக்காமல் விட்டேனே என்று பார்த்துக்கொண்டிருந்த மருமகளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

இரண்டரை மணிக்குச் சின்னவள் சமையலறைக்கு வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது. பின்னாலேயே அண்ணனும் வந்தான்.

"அண்ணி, ரெண்டே கேள்வி. அம்மாவுக்குத் தெரியுமா?"

மருமகள் கையிலிருந்த தம்ளரை மேடையில் வைத்தாள்.

"தெரியாது."

சின்னவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "மருந்தை நிறுத்தச் சொன்னது யாரு?"

"டாக்டரே வந்து..." என்று ஆரம்பித்தான் அண்ணன்.

"உன்னைக் கேக்கல."

"நான்தான் சொன்னேன்" என்றாள் மருமகள்.

"அம்மாவைக் கேக்காமலா?"

"ஆமா."

"நீங்க கண்ணாடி விக்கறவங்க அண்ணி. எங்கம்மாவோட உசுருக்கு நீங்க யாரு முடிவு பண்ண?"

விசில் குறுக்கே வந்து, "பாப்பா, விடு, வெளிய ஆள் இருக்காங்க" என்று கெஞ்சினான். அவன் குரல் எடுபடவில்லை. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அந்த வரி, உங்கள் அம்மா என்னிடம் சொன்னார், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார் என்று போய் முடியும். காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மூன்றரைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவரை சின்னவள் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. விசில் முற்றத்தில் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான். கையும் காலும் ஓடிக்கொண்டிருந்தால்தான் அவனால் நிற்க முடியும். மருமகள் குளித்துவிட்டு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஆஸ்பத்திரி ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சின்னவள். மூக்கில் கண்ணாடி, கையில் பேனா, பக்கத்தில் வெள்ளைத் தாள். கோர்ட்டுக்குப் போகிற தோரணைதான். ஆனால் அந்தத் தாளில் அரை மணி நேரமாக ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

சட்டம் படித்த மூளைக்கு இந்த வார்த்தைகள் பிடிபடவில்லை. கேட்கவும் மனசில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பினாள், திரும்பவும் பழைய பக்கத்துக்கே வந்தாள். கடைசியில் தலையைத் தூக்காமலே, "பிரைமரின்னா?" என்றாள்.

மருமகள் எதிரில் உட்கார்ந்தாள். "முதல்ல ஆரம்பிச்ச இடம்."

"இது? மெட்டாஸ்டாசிஸ்?"

"அங்கேருந்து வேற இடத்துக்குப் பரவறது. அம்மாவுக்கு ஈரல்."

"ரெண்டு கேன்சர்னு சொன்னானே அண்ணன்?"

"இல்ல. ஒண்ணுதான்."

அப்படியே ஒவ்வொன்றாகப் போயிற்று. கேட்கிறவள் குரலில் கோபம் இருந்தது, சொல்கிறவள் குரலில் களைப்பு இருந்தது. ஐந்து வருஷக் கணக்கு வந்ததும் அதையும் சொன்னாள். சின்னவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வெகு நேரம் அந்த எண்ணையே பார்த்தாள். முற்றத்தில் நாற்காலிகள் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கம் வந்தது. அதில் ஒரு வார்த்தையை விரலால் குத்திக் காட்டினாள்.

"பாலியேட்டிவ். இதுதானே? கைவிட்டுட்டோம்ங்கறதை மரியாதையா சொல்றது."

"கைவிடறது இல்ல" என்றாள் மருமகள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத களைப்பு, வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்து எடுக்கிற தெம்பு அவளிடம் இல்லை. அது பாட்டுக்கு வந்தது. "போய்ச் சேர்ற நேரத்தை நம்ம மாத்த முடியாது. ஜன்னலோர சீட்டாவது கேட்டு வாங்கலாம். அதான் இது."

சின்னவளின் பேனா நின்றது.

கண்ணாடிக் கடையில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பள்ளி இறுதிப் பரீட்சையில் சின்னவள் தோற்ற அன்று அம்மா சொன்னது இது. அப்பா இறந்த வாரம், மூலையில் சுருண்டு கிடந்த இரண்டு பிள்ளைகளையும் எழுப்பி உட்கார வைத்துச் சொன்னதும் இதுவேதான். கணவன் எப்போதோ சொல்லியிருந்த அந்தக் கதை மருமகளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது; அவள் வாயில் வந்ததோ, இந்த வார்த்தையை விளக்கிய சாயங்காலம் மாமியார் சொன்ன பதில். வாயைப் பொத்திக்கொள்ளலாமா என்று தோன்றியது. பொத்தி என்ன ஆகப் போகிறது?

சின்னவள் கண்ணாடியைக் கழற்றி ஃபைலின் மேல் வைத்தாள். அம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கவில்லை. உங்களிடம் மட்டும் ஏன் சொன்னாள் என்றும் கேட்கவில்லை. உதடு கோணிக்கொண்டது. அதைச் சரிசெய்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பயந்தாளா?" என்றாள்.

மருமகள் யோசித்தாள். இதற்கும் ஒரு பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒரே ஒரு நாள்."

வெளியே விசில் யாரிடமோ, "அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய தாழ்ந்த குரல் உள்ளே நன்றாகவே கேட்டது.

சின்னவள் எழுந்தாள். முற்றத்துப் பக்கத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சொல்லுங்க அண்ணி" என்றாள்.